ஒரு கம்பெனியை விட்டு வெளிய வர்றவங்க கூட உக்காந்து பேசுறது

ஒரு பிசினஸை ஒண்ணுமில்லாததுல இருந்து கட்டி நிமித்தினவங்க, பத்துப் பன்னெண்டு வருஷம் கழிச்சு என்னை மாதிரி ஒரு பிசினஸ் கோச்சைத் தேடி வரும்போது பெரும்பாலும் முதல்ல சொல்றது "புதுசா ஒரு ஐடியா இருக்கு, அதுல கொஞ்சம் தெளிவு வேணும்"ங்கிறதுதான். அப்புறம் அந்த ஐடியாவைப் பத்தி மூச்சு விடாம பேசுவாங்க, மார்க்கெட் எவ்ளோ பெருசு, யாருமே இதைச் சரியா பண்ணல, எனக்கு மட்டும் ஆறு மாசம் ஃப்ரீயா கிடைச்சா போதும்னு. நான் எல்லாத்தையும் கேட்டுப்பேன். கேட்டு முடிச்சுட்டு நான் கேக்குற முதல் கேள்வி அந்த ஐடியாவைப் பத்தி இருக்காது. "போன வாரம் உங்க பழைய கம்பெனியில உங்களைக் கேக்காம எடுத்த பெரிய முடிவு எது?"ன்னு கேப்பேன். வர்ற பதில்லயும், அந்தப் பதில் வர்றதுக்கு எடுத்துக்கிற நேரத்துலயும் பாதி விஷயம் தெரிஞ்சிடும்.

இந்த வேலையை இத்தனை வருஷமா பண்ணதுல எனக்கு உறுதியா பட்டது ஒண்ணு உண்டு. இவங்களுக்கு ஆரம்பிக்கத் தெரியாதுங்கிற பிரச்சனையே கிடையாது, ஏற்கனவே ஒருதடவை ஆரம்பிச்சு ஜெயிச்சவங்கதானே. விட்டுட்டு வரத்தான் தெரியல. அதுவும் சேரையோ பதவியையோ பணத்தையோ விடுறது கூட இல்ல, காலைல இருந்து ராத்திரி வரைக்கும் ஆள் மாத்தி ஆள் வந்து "இதை என்ன பண்ணலாம்"னு நம்மகிட்ட கேக்குறாங்க பாருங்க, அதை விட முடியல. அந்தக் கம்பெனிக்கு இவங்க தேவை, அப்படித் தேவைப்படுறது இவங்களுக்கும் ஒரு தேவையா ஆயிடுச்சு. புது பிசினஸ்ல முதல் நாள் யாருக்குமே இவங்க தேவையில்ல. ஒரு போன் வராது. அந்த அமைதியைக் கொஞ்ச நாள் கூட தாங்க முடியாம பழைய ஆபீஸுக்கு ஓடி, அங்க ஏதோ ஒரு சிக்கலைத் தீர்த்து வெச்சுட்டு, முகம் தெளிஞ்சு திரும்பி வர்றவங்களை நிறைய பாத்துட்டேன். வெளிய கேட்டா ரெண்டையும் சேத்துப் பாத்துக்கிறேன்னு சொல்லுவாங்க. ரெண்டு தோணில கால் வெச்சவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க.

ஒருத்தங்களைப் பத்தி இங்க கொஞ்சம் விரிவா எழுதலாம்னு இருக்கேன், அவங்ககிட்ட கேட்டுட்டுதான் எழுதுறேன், அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன். அவங்க நடத்துறது சின்ன கம்பெனிகளுக்கு சம்பளக் கணக்கு போட்டுக் கொடுக்குற சாஃப்ட்வேர். ரெண்டு பேரா ஆரம்பிச்சது, பார்ட்னர் நடுவுல விலகிட்டார், இவங்க தனியா இழுத்துட்டு வந்து லாபத்துல நிக்க வெச்சிருக்காங்க. புதுசா பண்ணணும்னு நினைக்கிறது இதுக்குச் சம்பந்தமே இல்லாத ஒண்ணு, வயசானவங்களை வீட்டோட இருந்து பாத்துக்கிற வேலைக்கு வர்றவங்களுக்கு முறையா ட்ரெய்னிங் கொடுத்து அனுப்புறது. அவங்க அம்மா படுக்கையில இருந்த காலத்துல மனசுல விழுந்த எண்ணம்.

முதல்ல பிரிச்சுப் பாக்க வேண்டியது, இவங்க நிஜமாவே அந்தக் கம்பெனியைத் தாண்டி வளர்ந்துட்டாங்களா, இல்ல களைச்சுப் போயிருக்காங்களாங்கிறது. வெளிய இருந்து பாத்தா ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கும், ரெண்டு பேருமே "எனக்கு இதுல ஆர்வம் போயிடுச்சு"ன்னுதான் சொல்லுவாங்க. களைச்சவங்களுக்கு எல்லாமே சலிப்பா இருக்கும், புது ஐடியா கூட ஒரு தப்பிக்கிற வழியாதான் தெரியும், அதுல தினம் என்ன வேலை இருக்கும்னு தோண்டிக் கேட்டா பதில்ல விவரம் இருக்காது. அவங்களை ரெண்டு மூணு வாரம் உண்மையான லீவுல, லேப்டாப் இல்லாம, அனுப்பிப் பாத்தா திரும்பி வந்ததும் பழைய கம்பெனியோட ஏதாவது ஒரு சிக்கல்ல தானா போய் உக்காந்துப்பாங்க. அவங்களுக்கு வேண்டியது ரெஸ்ட்டும் பொறுப்பை எடுத்துக்கிற நம்பிக்கையான ஒரு செகண்ட் லைனும்தான், இன்னொரு கம்பெனி இல்ல. தாண்டி வளர்ந்தவங்க லீவு முடிஞ்சு நல்ல தெம்பா வருவாங்க, ஆனா அந்தத் தெம்பு மொத்தமும் வேற பக்கம் போகும். பழைய கம்பெனி மீட்டிங்ல ஒருத்தர் பிரச்சனையைப் பாதி சொல்லும்போதே இவங்களுக்கு விடை தெரிஞ்சிருக்கும், மிச்சப் பாதியை மரியாதைக்குக் கேட்டுட்டு உக்காந்திருப்பாங்க.

இதுல மூணாவதா ஒண்ணு இருக்கு, அதைத்தான் யாரும் வாய் விட்டுச் சொல்ல மாட்டாங்க. கம்பெனி இவங்களைத் தாண்டிப் போயிருக்கும். 1972-லயே லேரி கிரைனர்ங்கிற மேனேஜ்மென்ட் ஆராய்ச்சியாளர் எழுதி வெச்ச விஷயம் இது, ஒரு கம்பெனி ஒவ்வொரு கட்டத்துலயும் எதனால வளர்ந்துச்சோ அதுவே அடுத்த கட்டத்துல அதோட நெருக்கடியா மாறும்னு. முதல் கட்டத்துல ஆரம்பிச்சவங்களோட வேகமும் கற்பனையும்தான் வளர்க்கும், எல்லாம் வாய்ப் பேச்சுலயே நடக்கும், ஆள் பெருகினதும் அதே வாய்ப் பேச்சு வேலையைக் கெடுக்கும், அங்க நிர்வாகம் தெரிஞ்ச வேற மாதிரி ஒரு ஆள் தேவைப்படும். ஆரம்பிச்சவங்களுக்கு அந்த நிர்வாக வேலையே பிடிக்காது. நோம் வாசர்மன்ங்கிற இன்னொரு ஆராய்ச்சியாளர் 212 அமெரிக்க ஸ்டார்ட்அப்களை எடுத்து அலசி 2008-ல ஒரு கட்டுரை வெளியிட்டார், கம்பெனிக்கு மூணு வயசு ஆகும்போதே ஆரம்பிச்சவங்கள்ல பாதிப் பேர் சிஇஓவா இல்ல, பங்குச் சந்தைக்குப் போற வரைக்கும் தலைமையில இருந்தவங்க கால்வாசிக்கும் கம்மி. பதவி விட்டவங்கள்ல அஞ்சுல நாலு பேர் தானா விரும்பி விடல, விட வேண்டி வந்துச்சு. இதைச் சொல்லும்போது சிலருக்கு முகம் சுருங்கும். எனக்கு இதுல அவமானமா எதுவும் தெரியல, ஆரம்பிக்கிறதும் நடத்துறதும் வேற வேற வேலை, ஒரே ஆளுக்கு ரெண்டும் கை வந்தா அது அதிர்ஷ்டம்.

இவங்க விஷயத்துல ரெண்டும் கலந்திருந்துச்சு. ப்ராடக்ட்டைப் பொறுத்தவரை அவங்க தாண்டிப் போயிட்டாங்க, அதுல அவங்களுக்குக் கத்துக்க ஒண்ணும் மிச்சம் இல்ல. விற்பனையைப் பொறுத்தவரை கம்பெனி அவங்களைத் தாண்டிப் போயிட்டிருந்துச்சு, பெரிய கஸ்டமர்கள் வர ஆரம்பிச்சதும் மாசக்கணக்கா இழுக்குற டெண்டர், பத்து கையெழுத்து, பாதுகாப்பு ஆடிட், இதெல்லாம் அவங்களுக்கு சுத்தமா ஒத்து வரல. அதை அவங்களே ஒரு நாள் மேஜையைப் பாத்துட்டே சொன்னாங்க, "சார், இந்தக் கம்பெனிக்கு இப்போ வேண்டிய சிஇஓ நான் இல்லன்னு எனக்கே தெரியுது". அந்த ஒரு வரி வர்றதுக்கு ரொம்ப நாள் ஆச்சு. அதை நான் சொல்லியிருந்தா வேலைக்கு ஆகியிருக்காது.

இப்போ ஒரு போன் விஷயத்தைச் சொல்றேன். ஒரு செஷன்ல புது பிசினஸ்க்கு முதல் வருஷம் எவ்ளோ பணம் ஒதுக்கலாம்னு பேசிட்டிருந்தோம், அவங்க குரல்ல சுரத்தே இல்ல, ஒவ்வொரு கேள்விக்கும் "பாக்கணும்", "யோசிக்கணும்"னு போயிட்டிருந்துச்சு. போன் மேஜை மேல அதிர்ந்துச்சு. எடுத்துப் பாத்தாங்க, சேல்ஸ்ல இருக்குற ஒரு பையன், "மேடம், இந்த கிளையன்ட் இன்னும் அஞ்சு பெர்சென்ட் கேக்குறாங்க, குடுக்கலாமா?". கட்டை விரலால பத்து செகண்ட்ல பதில் அடிச்சாங்க, மூணு பெர்சென்ட் குடு, வருஷப் பணத்தை முன்னாடியே வாங்கிக்கோன்னு. போனைக் கவுத்து வெச்சுட்டு நிமிர்ந்தப்போ வேற ஆள் மாதிரி இருந்தாங்க, முதுகு நேரா, கண்ணுல ஒரு வெளிச்சம். நான் எதுவும் சொல்லல. அடுத்த கேள்வியா, "இப்போ அந்த மெசேஜுக்கு நீங்க பதில் போடலன்னா அவர் என்ன பண்ணியிருப்பார்?"னு மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "இதையேதான் பண்ணியிருப்பான். எப்பவும் இதைத்தான சொல்றேன்"னாங்க. அப்புறம் ரொம்ப நேரம் பேசல.

அங்க இருந்துதான் உருப்படியான வேலை ஆரம்பிச்சுது. சில வாரத்துக்கு, யார் என்ன கேட்டு வந்தாலும் ஒரு நோட்டுல எழுதச் சொன்னேன், கேட்டது யாரு, என்ன கேட்டாங்க, பதில் சொல்ல எவ்ளோ நேரம் ஆச்சு, நீங்க இல்லன்னா என்ன நடந்திருக்கும். மொபைல் ஆப் வேணாம், கையால எழுதுங்கன்னு சொன்னேன், எழுதுற அந்த சில நொடி தாமதம்தான் மருந்தே. அந்த நோட்டை விரிச்சு வெச்சுப் பாத்தப்போ பாதிக்கு மேல ஒரு நிமிஷத்துக்குள்ள முடிஞ்ச பதில்கள். ஒரு நிமிஷத்துல பதில் சொல்ல முடியுதுன்னா அதுக்கு ஏற்கனவே தலைக்குள்ள ஒரு ரூல் இருக்குன்னு அர்த்தம், ரூல் இருந்தா பேப்பர்ல எழுதலாம், பேப்பர்ல எழுத முடிஞ்சதை வேற ஒருத்தர் பண்ணலாம். மிச்சம் இருந்ததுல நிஜமாவே அவங்க தேவைப்பட்டது ரொம்பக் கொஞ்சம், விலையை மொத்தமா மாத்துறது, மேல்மட்டத்துல ஆள் எடுக்குறது, பேங்க் கடன், பழைய பெரிய கஸ்டமர் ஒருத்தரோட உறவு. ஒரு பெரிய கம்பெனியோட தலைமைன்னு அவங்க நினைச்சிட்டிருந்த வேலை கையெழுத்து இல்லாத ரப்பர் ஸ்டாம்ப் வேலையா இருந்துச்சு, அதைப் பாத்து அவங்களுக்கு அழுகை வந்துச்சு. வரத்தான் செய்யும்.

1985-ல சிப் கம்பெனியான இன்டெல்ல நடந்ததை இந்த இடத்துல சில பேர்கிட்ட சொல்லுவேன். மெமரி சிப்தான் அவங்களோட பிறப்பே, ஜப்பான் கம்பெனிகள் வந்து அதுல அடிச்சுத் தள்ளிட்டிருந்தாங்க, விடவும் மனசு வரல. அப்போ கம்பெனியை நடத்திட்டிருந்த ரெண்டு பேர்ல ஆண்டி குரோவ், கார்டன் மூர்கிட்ட, நம்மளைத் தூக்கிட்டு போர்டு ஒரு புது ஆளைக் கொண்டு வந்தா அவர் என்ன பண்ணுவார்னு கேட்டாராம். மெமரியை விட்டுடுவார்னு மூர் சொன்னார். அப்போ நாமளே வெளிய போயிட்டுப் புது ஆளா உள்ள வந்து அதைப் பண்ணுவோமேன்னு குரோவ் சொன்னார், பண்ணவும் பண்ணாங்க. கம்பெனி திசை மாறணும்னா அந்தக் கேள்வி அருமையான கேள்வி. ஆனா ஆள் வெளிய போகணும்ங்கிற இடத்துல அது பத்தாது, ஏன்னா குரோவும் மூரும் திரும்ப உள்ளதான் வந்தாங்க. அதனால நான் அதைத் திருப்பிக் கேப்பேன். நாளைக்கே இந்தக் கம்பெனியை வேற ஒருத்தர் வாங்கிட்டாருன்னு வெச்சுக்கோங்க, உங்களுக்குப் பணமும் வந்துடுச்சு, எத்தனாவது நாள் உங்களால பொறுக்க முடியாம அங்க போன் பண்ணுவீங்க, எதுக்காகப் பண்ணுவீங்க? அந்த "எதுக்காக"லதான் விஷயமே இருக்கு. ஒருத்தர் ஆட்களுக்காகன்னு சொல்லுவார், ஒருத்தர் தரம் போயிடும்னு சொல்லுவார், இவங்க சொன்னது, "அவங்க என்னை மறந்துட்டாங்களான்னு பாக்க".

ஒப்படைக்கிறதுன்னு பேச்சுல சொல்றது சுலபம். இவங்க ஒரு பக்கத்துல ரூல் எழுதினாங்க, இவ்ளோ பெர்சென்ட் வரைக்கும் டிஸ்கவுண்ட், ஆபரேஷன்ஸ் அதாவது தினசரி வேலைகளைப் பாக்குறவர் முடிவு, இவ்ளோ தொகை வரைக்கும் செலவு அவர் முடிவு, லீவு, ரீஃபண்ட், சின்ன ஆள் எடுக்குறது எல்லாம் அவர். எல்லாரையும் கூப்பிட்டு அறிவிச்சாங்க. அப்புறமும் ஆட்கள் இவங்ககிட்டயேதான் வந்தாங்க, "மேடம், சும்மா ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு". அவங்களைக் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்ல, இத்தனை வருஷமா வந்து கேட்டவங்களைத்தானே இவங்க பாராட்டியிருக்காங்க, கேக்காம பண்ணவங்க திட்டு வாங்கியிருக்காங்க. அதனால பதில் சொல்லாம இருக்குறது மட்டும் பத்தாது, தானா முடிவெடுத்தவங்களை எல்லார் முன்னாடியும் பாராட்டணும், அந்த முடிவு இவங்க எடுக்குற மாதிரி இல்லாட்டியும். இல்லாட்டியும்ங்கிறதுதான் இதுல கஷ்டமான பகுதி.

அந்தக் கஷ்டம் சீக்கிரமே வந்துச்சு. ஒரு கஸ்டமர் ரிப்போர்ட் ஒண்ணை அவங்களுக்குன்னு தனியா மாத்திக் கேட்டாங்க, ஆபரேஷன்ஸ்காரர் முடியாதுன்னுட்டார், அவங்க காண்ட்ராக்டைப் புதுப்பிக்கல. அந்த கஸ்டமர் இவங்களோட ஆரம்ப காலத்து கஸ்டமர், முதல் வருஷம் இவங்களே நேர்ல போய் உக்காந்து வாங்கின ஆர்டர். கம்பெனி வாட்ஸ்அப் குரூப்ல செய்தி வந்ததும் பதில் அடிச்சாச்சு, அனுப்பல, எனக்குப் போன் பண்ணாங்க.

"சார், நான் ஒரு போன் பண்ணா அவங்க திரும்பி வந்துடுவாங்க. ஒரே ஒரு போன்."

"வந்துடுவாங்க. எனக்கும் சந்தேகம் இல்ல."

"அப்புறம் ஏன் பண்ணக்கூடாது?"

"பண்ணலாம். பண்ணிட்டா நாளைல இருந்து அவர் முடியாதுன்னு சொன்ன ஒவ்வொரு கஸ்டமரும் உங்களுக்குப் போன் பண்ணுவாங்க. அதுக்கு நீங்க தயாரா இருந்தா பண்ணுங்க."

அவங்க பண்ணல. ஆனா அதோட நான் விடவும் இல்ல, ஏன்னா ஆபரேஷன்ஸ்காரர் எடுத்த முடிவு சரியா தப்பான்னு யாராவது பாக்கணும்ல. அந்த வாரம் அவரோட உக்காந்து, தீர்ப்பு சொல்லாம, எப்படி யோசிச்சீங்கன்னு மட்டும் கேட்டுட்டு வாங்கன்னு சொல்லி அனுப்பினேன். அவர் கணக்கு போட்டு வெச்சிருந்தார், அந்த ஒரு ரிப்போர்ட்டைக் காலத்துக்கும் தனியா பராமரிக்க ஆகுற டெவலப்பர் நேரம், அந்த கஸ்டமர் கட்டுற பணத்தை விட ஜாஸ்தி. இவங்க அந்த மாதிரி ஒரு கணக்கே போட்டதில்ல, ஏன்னா இவங்களுக்கு அது கஸ்டமர் இல்ல, முதல் ஆர்டர். திரும்பி வந்து என்கிட்ட சொல்லும்போது அவங்க குரல்ல வருத்தமும் இருந்துச்சு, ஒரு நிம்மதியும் இருந்துச்சு.

ஆரம்பிச்சவங்க பாதி வெளிய, பாதி உள்ளன்னு நிக்கிறது எவ்ளோ பெரிய கம்பெனியையும் ஆட்டிப் பாக்கும். நைக்கில ஃபில் நைட் 2004 கடைசில சிஇஓ பொறுப்பை வெளியாள் ஒருத்தர்கிட்ட கொடுத்தார், அதுக்காக வில்லியம் பெரஸ்ங்கிறவரை வேற துறையில இருந்து கூட்டிட்டு வந்தாங்க, நைட் சேர்மனா அங்கயே இருந்தார், 2006 ஜனவரில பெரஸ் போயிட்டார். அப்புறம் பொறுப்பு கம்பெனிக்குள்ளயே வளர்ந்த மார்க் பார்க்கர் கைக்குப் போச்சு. மைக்கேல் டெல் 2004-ல சிஇஓ பதவியை விட்டார், 2007-ல திரும்பி வந்தார். ஹோவர்ட் ஷுல்ட்ஸ் ஸ்டார்பக்ஸ்ல 2000-ல விட்டார், 2008-ல திரும்பினார். திரும்பி வர்றது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், சில சமயம் கம்பெனிக்கே அது தேவைப்படும். ஆனா எப்போ வேணா திரும்பி வந்துடலாம்ங்கிற நினைப்போட வெளிய போறவங்க புது பிசினஸ்ல முழுசா இறங்க மாட்டாங்க, அதை நான் திரும்பத் திரும்பப் பாத்திருக்கேன், புதுசுல முதல் அடி விழுந்த அன்னிக்கே பழைய ஆபீஸ் சாவியைத் தேடுவாங்க.

காகித விஷயங்களை கோச் பேசக்கூடாதுன்னு ஒரு கருத்து உண்டு, அதெல்லாம் வக்கீலும் ஆடிட்டரும் பாக்க வேண்டியதுன்னு. அவங்கதான் பாக்கணும், சரி. ஆனா எதையெல்லாம் கொண்டு போய் அவங்ககிட்ட கேக்கணும்ங்கிறது இந்த மனநிலையில இருக்குறவங்களுக்குத் தோணாது, அதனால நான் கேப்பேன். பேங்க் கடனுக்குப் பர்சனல் கேரண்டி, அதாவது கம்பெனி கட்டலன்னா நான் கட்டுறேன்னு கையெழுத்து, கொடுத்திருக்கீங்களா? டைரக்டர் பதவியை விட்டதும் அது தானா போயிடாது, பேங்க் எழுத்துல விடுவிச்சாதான் போகும், பதவி போயும் கடன் கழுத்துல தொங்குறவங்க இருக்காங்க. கம்பெனியை விக்கிறதா இருந்தா விலையில ஒரு பகுதியை ஏர்ன்-அவுட்னு பின்னாடி டார்கெட் எட்டினாதான் தருவாங்களா? அப்போ அந்தக் காலம் முழுக்க உங்க மனசு அங்கதான் கிடக்கும், புதுசை அப்போ ஆரம்பிக்கிறதுல அர்த்தம் இல்ல. நான்-கம்பீட், அதாவது போட்டியா தொழில் பண்ண மாட்டேன்ங்கிற ஒப்பந்தம், இருக்கா? வேலைக்கு இருக்குறவங்க மேல போடுற நான்-கம்பீட் கலிஃபோர்னியா மாதிரி இடங்கள்ல செல்லாது, அதைக் கேள்விப்பட்டு "அதெல்லாம் செல்லாது"ன்னு அசால்ட்டா சொல்லுவாங்க, ஆனா பிசினஸை வித்தவங்க மேல போடுறது அங்கயும் செல்லும். புது ஐடியா பழைய கம்பெனி லேப்டாப்ல, பழைய கம்பெனி நேரத்துல உருவாச்சா? அப்போ அது யாரோடதுன்னு மத்த ஷேர்ஹோல்டர்கள் ஒரு நாள் கேப்பாங்க.

கூட யாரைக் கூட்டிட்டுப் போறீங்கங்கிறதும் இதுல சேரும். ஸ்டீவ் ஜாப்ஸ் 1985 செப்டம்பர்ல ஆப்பிள்ல இருந்து ராஜினாமா பண்ணிட்டு, அங்க இருந்து அஞ்சு பேரைக் கூட்டிட்டுப் போய் நெக்ஸ்ட்ங்கிற கம்ப்யூட்டர் கம்பெனியை ஆரம்பிச்சார், அதே மாசம் ஆப்பிள் கேஸ் போட்டுச்சு, அடுத்த வருஷ ஆரம்பத்துல பேசித் தீர்த்தாங்க. இவங்களும் பழைய கம்பெனியில இருந்து ரெண்டு பேரைக் கூட்டிட்டுப் போகணும்னு இருந்தாங்க, அதுல ஒருத்தர் அந்த ஆபரேஷன்ஸ்காரர்! அவரை எடுத்துட்டா பழைய கம்பெனி திரும்ப இவங்க மடியிலதான் வந்து விழும், அது தெரிஞ்சேதான் ஒரு மனசு அவரைக் கூப்பிடச் சொல்லுதோன்னு எனக்குத் தோணுச்சு, கேட்டேன். கோவப்பட்டாங்க. அடுத்த தடவை வந்தப்போ அவர் பேர் லிஸ்ட்ல இல்ல.

நடுவுல வர்ற காலம் ஒண்ணு இருக்கு, பழசு போயாச்சு, புதுசு இன்னும் உருவம் எடுக்கல. எல்லாரும் இதை முடிஞ்ச அளவு சுருக்கப் பாப்பாங்க. நான் நீட்டச் சொல்லுவேன். இந்தக் காலத்துல ஆபீஸ் எடுக்காதீங்க, லோகோ போடாதீங்க, ஆள் எடுக்காதீங்க, ஏன்னா இது மூணும் திரும்பவும் நம்மளைச் சுத்தி ஆட்கள் நிக்கிற ஒரு சூழ்நிலையை உருவாக்கிக்கிற வேலை, பிசினஸுக்கு அப்போதைக்கு அதால ஒரு பலனும் இல்ல. ரெண்டாவது தடவை ஆரம்பிக்கிறவங்ககிட்ட பணம் இருக்கும், அறிமுகம் இருக்கும், அதுதான் ஆபத்து. முதல் தடவை காசு இல்லாததால ஒவ்வொரு கஸ்டமர்கிட்டயும் அவங்களே போய் நின்னு கத்துக்கிட்டாங்க, இப்போ அந்த இடத்துக்கு ஆள் வெச்சுடுவாங்க, கத்துக்கிறது அந்த ஆளோட போயிடும்.

இவங்க சம்பளக் கணக்கு வேலைல எந்தக் கேள்விக்கும் பத்து செகண்ட்ல பதில் சொல்றவங்க. இந்தப் புது வேலைல ஒரு நோயாளியைப் படுக்கையில எப்படிப் புரட்டிப் படுக்க வைக்கணும்னு தெரியாது. அதைச் சொல்லிக் கொடுக்க வந்த ஒரு சீனியர் நர்ஸ் முன்னாடி, இருபத்தஞ்சு வயசுப் பிள்ளைங்க கூட வரிசைல நின்னு கத்துக்கிட்டாங்க, படுக்கைப் புண் வராம இருக்க ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை திருப்பணும், இழுக்கக்கூடாது, தோல் உரசிடும், விரிப்போட சேத்துத் தூக்கித் திருப்பணும், தலையணை எங்க வைக்கணும். மொத தடவை தப்பா பண்ணாங்க, எல்லார் முன்னாடியும் நர்ஸ் திருத்தினாங்க. அன்னிக்கு ராத்திரி என்கிட்ட பேசினப்போ, பத்து வருஷத்துல முதல் தடவையா யாரோ தன்னை "தள்ளி நில்லும்மா"ன்னு சொன்னாங்கன்னு சொன்னாங்க. வருத்தமாவா சொல்றாங்கன்னு கவனிச்சேன், இல்ல. அதுக்கப்புறம்தான் அவங்க புது பிசினஸைப் பத்திப் பேசும்போது விவரம் வர ஆரம்பிச்சுது, மார்க்கெட் எவ்ளோ பெருசுங்கிற பேச்சு நின்னு, ட்ரெய்னிங் முடிச்சுப் போற பொண்ணு அந்த வீட்டுல எங்க தூங்குவா, அவளுக்கு வாரத்துல ஒரு நாள் லீவு கிடைக்குமாங்கிற பேச்சு வந்துச்சு.

ஆபீஸ் ஆட்கள் பேசிக்கிற ஆப்பான ஸ்லாக் கதையை இந்த இடத்துல எல்லாரும் என்கிட்ட சொல்லுவாங்க. ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்ட் கிளிட்ச்னு ஒரு ஆன்லைன் கேம் பண்ணார், ஓடல, 2012-ல மூடினார், டீம் உள்ளுக்குள்ள பேசிக்கிறதுக்காகப் பண்ணி வெச்சிருந்த டூல்தான் 2014-ல ஸ்லாக்கா வெளிய வந்து அப்புறம் அதை சேல்ஸ்ஃபோர்ஸ்ங்கிற பெரிய சாஃப்ட்வேர் கம்பெனி வாங்கிச்சு. அதுக்கு முன்னாடியும் ஒரு கேம் பண்ணப் போய்த்தான் போட்டோ பகிர்ற ஃப்ளிக்கர் வந்துச்சு. கேக்குறவங்க இதுல புது ஐடியாவோட மகிமையைத்தான் பாக்குறாங்க. என்னை இழுக்குறது அதுல இருக்குற மூடல்தான். பேங்க்ல காசு இருக்கும்போதே கேமை மூடினார், இன்வெஸ்டர்ஸ்கிட்ட மிச்சப் பணத்தைத் திருப்பித் தர்றேன்னு சொன்னார், வைச்சுக்கிட்டு வேற எதையாவது பண்ணுன்னு சொன்னது அவங்கதான். வேலையை இழந்தவங்களுக்கு வேற இடம் கிடைக்க டீமே உக்காந்து பாத்துச்சு. பழசைச் சுத்தமா முடிச்ச கை அது, அந்தக் கையோடதான் அவர் அடுத்ததைத் தொட்டார்.

இவங்க பழைய கம்பெனியை விக்கல. ஆபரேஷன்ஸ்காரரை சிஇஓ ஆக்கிட்டு, சேர்மனா மட்டும் இருக்காங்க, மூணு மாசத்துக்கு ஒரு போர்டு மீட்டிங், நடுவுல அவர் கூப்பிட்டா மட்டும் பேச்சு. வாட்ஸ்அப் குரூப்ல இருந்து வெளிய வந்தாச்சு, அது ராஜினாமா லெட்டர்ல கையெழுத்து போட்டதை விடக் கஷ்டமா இருந்துச்சுன்னு சொன்னாங்க, நான் நம்புறேன். சேர்மன் பதவியையும் எப்போ விடுறதுங்கிறது இன்னும் முடிவாகல, அதுக்கு ஒரு தேதி போடுங்கன்னு கேட்டுட்டே இருக்கேன். புது வேலைல முதல் பேட்ச் முடிஞ்சுது, அதுல சிலர் வேலைக்குப் போன கொஞ்ச நாள்லயே விட்டுட்டு வந்துட்டாங்க, ஏன்னு ஒவ்வொருத்தர் வீட்டுக்கா இவங்களே போய்க் கேட்டுட்டிருக்காங்க.

போன மாசம் இவங்க என்கிட்ட, அந்தப் புது சிஇஓவுக்கும் நீங்களே கோச்சிங் பண்ணுங்களேன்னு கேட்டாங்க. நல்ல எண்ணத்துலதான் கேட்டாங்க, அவருக்கும் ஒரு துணை வேணும், எனக்குக் கம்பெனியும் தெரியும், புதுசா ஒருத்தருக்கு எல்லாத்தையும் முதல்ல இருந்து விளக்க வேண்டாம். முடியாதுன்னு சொல்லிட்டேன். நான் ரெண்டு பேர்கிட்டயும் பேசினா, அவருக்கு நான் இவங்களோட ஆளாதான் தெரிவேன், மனசு விட்டுப் பேச மாட்டார், இவங்களும் என் முகத்தைப் பாத்தே அங்க என்ன நடக்குதுன்னு படிக்க ஆரம்பிச்சுடுவாங்க, அப்போ குரூப்ல இருந்து வெளிய வந்ததுக்கே அர்த்தம் இல்லாம போயிடும். வேற மூணு கோச் பேர் கொடுத்தேன், அதையும் இவங்ககிட்ட கொடுக்கல, நேரா அவருக்கே அனுப்பிட்டேன், யாரை எடுத்தார்னு இவங்களுக்குத் தெரிய வேணாம்னும் சொல்லியிருக்கேன். யாரையாவது எடுத்தாரா இல்லையாங்கிறது எனக்கும் தெரியாது.